சந்தை ஆடு எத்தனை நாள் தனியா நிக்கணும்?

ஊருக்குள்ள ஆடு மாடு நோயில விழுந்தா, மருந்து என்னன்னு கேக்குறதுக்கு முன்னாடியே இன்னொரு கேள்வி வந்துரும்: "யாரு கொண்டாந்து விட்டது?" அதுக்குப் பதிலும் கையோட தயாரா இருக்கும். நேத்து யார் புதுசா ஊருக்குள்ள வந்தாகளோ அவுகதான். நேத்து வந்தது கிடையா இருந்தா கிடை, வியாபாரியா இருந்தா வியாபாரி.

நச்சுயிரி நோய்களைப் பொறுத்தவரை இந்தப் பதில் பெரும்பாலும் தப்பு. நேத்து வந்தவன் கொண்டாந்த கிருமி இன்னைக்கு ஆட்டைப் படுக்க வைக்காது. உடம்புக்குள்ள நுழைஞ்ச கிருமி பெருகி, ரத்தத்துல கலந்து, காய்ச்சலா வெளியே தெரியச் சில நாள் பிடிக்கும். பாடப்புத்தகத்துல இதை நோயரும்பு காலம்னு போட்டிருக்கும். நான் அடைகாக்கும் நாள்னுதான் சொல்லுவேன். கோழி முட்டை மேல உக்காந்திருக்கு, வெளியே பாத்தா ஒண்ணும் நடக்கலை, உள்ளுக்குள்ள எல்லாம் நடக்குது. அதே கதைதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. பத்து முட்டை வச்சா 21-ஆம் நாளை ஒட்டி ஒரு நாள் முன்னப்பின்ன எல்லாம் பொரிச்சிரும். நோய் அப்படி நாள் பார்த்து வராது. ஒரே நாளில் ஒரே இடத்தில் கிருமி வாங்கின பத்து ஆட்டில் ஒண்ணு மூணாம் நாள் விழும், ஆறேழு அஞ்சாம் நாளை ஒட்டி விழும், ஒண்ணு பத்தாம் நாள் வரைக்கும் நல்லா மேஞ்சுட்டு அப்புறம் விழும். அந்தக் கடைசி ஆடுதான் நமக்கு ஆபத்து. சந்தையில வாங்கின குட்டியை "நாலு நாள் பாத்தாச்சு, நல்லாத்தான் இருக்கு"ன்னு பட்டியில சேக்குறோம் பாருங்க, அங்கதான் மாட்டிக்கிறோம்.

பத்துப் பேர் போன படகு

இந்த நாள் கணக்கை முதன்முதலா ஒழுங்கா போட்டுக் காட்டினவர்களில் ஒருத்தர் பீட்டர் பானும் என்ற டென்மார்க் மருத்துவர். 1846-ல் வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் பரோயே தீவுகளில் தட்டம்மை பரவுச்சு. நம்ம பக்கம் மணல்வாரின்னு சொல்றோமே, அதுதான். 1781-க்குப் பிறகு 65 வருசமா அந்தத் தீவுகளில் அந்த நோயே இல்லை. அதனால 7,782 பேர் இருந்த இடத்தில் 6,000 பேருக்கு மேல் படுத்துட்டாங்க. அரசு அனுப்பின பானுமுக்கு அப்போ வயசு இருபத்தஞ்சு இருபத்தாறுதான்.

அவருக்கு நுண்ணோக்கி உதவல, ரத்தப் பரிசோதனை உதவல. நச்சுயிரின்னு ஒண்ணு இருக்கிறதே அப்போ யாருக்கும் தெரியாது. அவருக்கு உதவினது தேதி. தீவு கிராமங்களில் ஆள் போக்குவரத்து ரொம்பக் குறைவு. யார் என்னைக்கு எந்தப் படகுல எந்த ஊருக்குப் போனாங்கன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு. டியோர்னுவிக் என்ற சின்ன ஊரிலிருந்து பத்து ஆண்கள் ஜூன் 4-ஆம் தேதி ஒரு படகில் திமிங்கில வேட்டைக்குப் போனாங்க. வேட்டை நடந்த ஊரில் தட்டம்மை இருந்துச்சு. ஜூன் 18-ஆம் தேதி பத்துப் பேருக்கும் உடம்பில் தடிப்பு எழும்பிருச்சு. தொட்டது ஒரே நாள், வெளியே வந்தது ஒரே நாள், நடுவில் 14 நாள். அப்புறம் வீட்டுக்காரங்களுக்கு ரெண்டாம் அலையா, கிட்டத்தட்ட அதே இடைவெளி விட்டு வந்துச்சு. இப்படி ஊர் ஊரா தேதி சேர்த்து, கிருமி பட்டதிலிருந்து தடிப்பு வர 13, 14 நாள்னு சொன்னார். இன்னைக்குள்ள விஞ்ஞானமும் ஏறக்குறைய அதையேதான் சொல்லுது.

விவசாயப் பத்திரிகையில தட்டம்மைக் கதை எதுக்குன்னு கேக்கலாம். தட்டம்மைக் கிருமியும், 2011-ல் உலகத்தை விட்டே ஒழிஞ்சதா அறிவிச்ச மாட்டு வெக்கை நோய்க் கிருமியும், நம்ம பட்டிகளை இன்னைக்கும் காலி பண்ற ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமியும் ஒரே குடும்பம். அண்ணன் தம்பி மாதிரி. பிபிஆர்னு மருத்துவர்கள் சொல்ற ஆட்டுக்கொல்லியை முதன்முதலா எழுதி வச்சது 1942-ல், ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில். இந்தியாவில் அதை முதலில் கண்டுபிடிச்சது நம்ம தமிழ்நாட்டில்தான். 1987-ல், இப்போ விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிற அரசூரில். அந்த ஊர் பேரையே வச்சு 'அரசூர் 87' என்ற கிருமி இனத்திலிருந்து நம்ம கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் செஞ்சுச்சு.

ஆட்டுக்கொல்லி வழக்கமா 4 முதல் 6 நாள் அடைகாக்கும். குறைஞ்சது 2 நாள், பெரும்பாலும் 10 நாளுக்குள்ள தெரிஞ்சிரும். ஆனா உலக விலங்கு சுகாதார அமைப்பு சட்டக் கணக்குக்கு 21 நாள்னு வச்சிருக்கு. அதே கோழி அடைக் கணக்கு, ஞாபகம் வச்சுக்கச் சுலபம்.

கிடை மேல வந்த பழி

எங்க ஊர் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போற பக்கம். மானாவாரி நெல், கொஞ்சம் கடலை, மிளகாய். தை அறுப்பு முடிஞ்சு பங்குனி, சித்திரையில கிடை போட்டாத்தான் எனக்கு உரம். ரசாயனத்தை விட்ட நாளிலிருந்து கிடைதான் என் உர மூட்டை. ராமநாதபுரம் பக்கமிருந்து வர்ற ஒரு கீதாரி வருசா வருசம் என் புஞ்சையில கிடை போடுறார். முந்நூறு உருப்படிக்கு மேல இருக்கும்.

அந்தப் பங்குனியில நடந்ததை நாள் வாரியாச் சொல்றேன், ஏன்னா விசயமே நாளில்தான் இருக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை எங்க ஊர்க்காரர் ஒருத்தர் வாரச்சந்தையில மூணு வெள்ளாட்டுக்குட்டி வாங்கியாந்து தன் பட்டியில கட்டினார். ஞாயித்துக்கிழமை அதில் ஒரு குட்டிக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகுச்சு. தண்ணி மாறினதால இருக்கும்னு விட்டாக. புதன் ராத்திரி கிடை வந்து என் புஞ்சையில இறங்குச்சு. வெள்ளி விடியக்காலை அதே பட்டியில ரெண்டு பெரிய ஆடு தீவனம் எடுக்கலை, உடம்பு கொதிக்குது. சனிக்கிழமை பக்கத்துப் பட்டிகளில் இன்னும் நாலு. சனி சாயங்காலம் கோயில் வாசல்ல ஊர் கூடிருச்சு. கிடை வந்தது, ஆடு விழுந்துச்சு, விடிஞ்சா கிடை ஊர் எல்லையில இருக்கக் கூடாதுன்னு பேச்சு. கிடை நின்னது என் நிலம், அதனால பழி எனக்கும் பாதி.

காலையிலேயே கால்நடை மருத்துவரம்மா வந்து பாத்துட்டு, ஆட்டுக்கொல்லி மாதிரிதான் இருக்குன்னு மாதிரி எடுத்துட்டுப் போயிருந்தாக. (பின்னாடி அது உறுதியாச்சு.) அவுக சொன்ன நாள் கணக்கை வச்சுத்தான் நான் பேசினேன். புதன் ராத்திரி வந்த கிடையிலிருந்து வெள்ளி விடியலுக்கு ஒன்றரை நாள். ஆட்டுக்கொல்லி ஒன்றரை நாளில் வெளியே வராது. ஞாயிறு ஒழுகின குட்டியிலிருந்து வெள்ளிக்கு அஞ்சு நாள். சந்தைச் செவ்வாயிலிருந்து ஞாயிறுக்கும் அஞ்சு நாள். ரெண்டு அஞ்சும் அடுத்தடுத்து உக்காருது. பானும் எழுதின முதல் அலை, ரெண்டாம் அலை மாதிரியே.

"கிடை ஆடு முந்தின வாரமே நம்ம மேய்ச்சல்ல கலந்திருந்தா?"ன்னு அம்பலார் கேட்டார். நியாயமான கேள்வி. அதுக்குக் கீதாரியே பதில் சொன்னார். முந்தின எட்டு ராத்திரியும் எந்த ஊர்ல, யார் புஞ்சையில, எத்தனை உருப்படிக்குக் கூலின்னு வரிசையா ஒப்பிச்சார். ராத்திரிக் கணக்குலதான அவருக்குக் காசு? மறக்குமா? எல்லா இடமும் எங்களுக்கு எதிர்த்திசை, ரெண்டு மூணு கல் தள்ளி.

அதோட முடிஞ்சிருந்தா கிடை மேல பழி இல்லைன்னு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். பெரிய சிக்கல் அப்புறம்தான் எங்க மண்டையில ஏறுச்சு. வியாழன் காலையிலிருந்து கிடை ஆடும் ஊர் ஆடும் ஒரே ஊரணியில தண்ணி குடிச்சிருக்கு. அப்போ கிடை ஆடுகள் இப்ப அடைகாத்துக்கிட்டு இருக்கலாம். பாத்தா நல்லா இருக்கும். விடியக்காலை விரட்டி விட்டா, திங்கள், செவ்வாயில அது இன்னும் ரெண்டு ஊர் தாண்டியிருக்கும், அங்க போய் விழும். அந்த ஊர்க்காரனும் "நேத்து வந்த கிடை"ன்னுதான் சொல்லுவான். அந்தத் தடவை அவன் சொல்றது சரியாவும் இருக்கும்.

கிடையை விரட்டக் கூடாது, இங்கேயே தனியா நிறுத்தணும்னு சொன்னதும் முதல்ல மறுத்தது கீதாரிதான். "நோய் இருக்க எடத்துல எம்புட்டு ஆட்டையும் நிப்பாட்டச் சொல்றீகளே தம்பி, மூணு வாரம் நான் என்னத்தத் திங்கிறது?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. தனிமைப்படுத்தச் சொல்றது சுலபம். நிக்கிறவனுக்குக் கூலி யார் தர்றதுங்கிறதைச் சொல்லாம அது நடக்காது. 2020-ல் நம்ம வீட்டு வாசல்ல தாள் ஒட்டிட்டுப் போனப்ப நாமளும் இதைத்தான் கேட்டோம். பாதி ராத்திரி பேசி, நாலு புஞ்சைக்காரங்க முறை வச்சுக் கிடைக் கூலி தர்றதுன்னு முடிவாச்சு. கண்மாய்க்குத் தெக்கே, ஊர் ஆடு போகாத பக்கம், தண்ணிக்குத் தனியா ஒரு கிணறு.

அடுத்த செவ்வாயும் புதனும் கிடையில பதினோரு உருப்படிக்குக் காய்ச்சல். அஞ்சு குட்டி செத்துப்போச்சு. ஊருக்குள்ள அதைவிடக் கூடுதலா போச்சு. கிடை அடுத்துப் போக இருந்த ஊர்களில் ஆடு விழலை. அந்த ஊர்களில் மருத்துவரம்மா உடனே தடுப்பூசி போட்டதும் சேர்ந்த பலன் அது.

முதல் நாள் எது?

இந்தக் கணக்குக்கு ரெண்டு தேதி வேணும். கிருமி பட்ட தேதி, முதல் அறிகுறி தேதி. ரெண்டுமே வழுக்கும்.

அறிகுறியை எடுத்துக்குவோம். வாய்ப்புண்ணும் கழிச்சலும் வந்த நாளைத்தான் நாம நோய் வந்த நாளா எண்ணுறோம். ஆட்டுக்கொல்லியில முதல்ல வர்றது காய்ச்சல். ஆட்டுக்கு இயல்பான சூடு 102, 103 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். இந்த நோயில 104-லிருந்து 106 வரை போகும். மூக்கு ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல் எல்லாம் அதுக்குப் பின்னாடி. காய்ச்சல் கண்ட நாளைக் குறிக்காம கழிச்சல் கண்ட நாளைக் குறிச்சா, கணக்கில் ரெண்டு மூணு நாள் சும்மா கூடிரும். ஒரு சாதாரண தெர்மாமீட்டர், ஆசனவாயில் வச்சுப் பார்க்கிற பழக்கம், இது போதும். புதுசா வந்த ஆட்டுக்குத் தினம் காலையில பாருங்க. வெயில்ல மேஞ்சு வந்த உடனே பாக்காதீங்க, சூடு கூடுதலாக் காட்டும்.

கிருமி பட்ட தேதி இன்னும் கடினம். சந்தைக்கு ஒரே நாள் போன ஆடுன்னா சிக்கலே இல்லை, பத்துப் பேர் படகு மாதிரி. ஆனா நோய் ஆட்டோட ஞாயிறு முதல் செவ்வாய் வரை சேர்ந்து கட்டிக் கிடந்த ஆடு வெள்ளிக்கிழமை விழுந்தா? ஞாயிறு பட்டிருந்தா 5 நாள், செவ்வாய் பட்டிருந்தா 3 நாள். ஒரு எண் கிடைக்காது, 3-க்கும் 5-க்கும் நடுவுலன்னு ஒரு சன்னல்தான் கிடைக்கும். அந்தச் சன்னலைத் தூக்கிப் போட வேண்டாம், அப்படியே எழுதி வைங்க. இந்த மாதிரி நிறைய சன்னல் சேர்ந்தா, எல்லாத்துக்கும் நல்லாப் பொருந்துற ஒரு பரவலைக் கணிதக்காரங்க கண்டுபிடிச்சிருவாங்க. கொரோனா வந்த புதுசில் அப்படித்தான் செஞ்சாங்க. 181 பேரோட தேதிச் சன்னல்களை வச்சு, பாதிப் பேருக்கு 5.1 நாளுக்குள்ள அறிகுறி வந்துரும், அறிகுறி வர்றவங்களில் நூத்துக்குத் தொண்ணூத்தேழரைப் பேருக்கு 11.5 நாளுக்குள்ள வந்துரும்னு 2020 மார்ச்சிலேயே சொன்னாங்க. சராசரி அஞ்சு நாளா இருக்கும்போது எதுக்கு 14 நாள் உள்ள வச்சாங்கன்னு அப்போ பல பேர் திட்டினோம். காரணம் அந்த வால்தான். பூட்டுறது சராசரி ஆளுக்காக இல்லை, கடைசியா விழப் போற ஆளுக்காக.

அந்த வால் எப்பவும் ஒரே பக்கம்தான் நீளும். 1950-ல் பிலிப் சார்ட்வெல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பல நோய்களின் தேதிகளை அடுக்கிப் பாத்து இதைக் காட்டினார். ரொம்பச் சீக்கிரம் வர்றதுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு, தாமதமா வர்றதுதான் இழுத்துக்கிட்டே போகும். எங்க ஊர்ல கிடைக்குக் கை கொடுத்தது கீழ் எல்லை, கிடையை மூணு வாரம் நிறுத்த வச்சது வால்.

இன்னொரு வழுக்கல் இருக்கு, இது படிச்சவங்களையும் ஏமாத்தும். நோய் பரவ ஆரம்பிச்ச முதல் வாரத்திலேயே உக்காந்து கணக்குப் போட்டா, சீக்கிரம் விழுந்த ஆடுகள் மட்டும்தான் கணக்கில் இருக்கும். மெதுவா விழப் போறது இன்னும் விழலையே! அதனால அடைகாலம் நிசத்தைவிடக் குறைச்சலாத் தெரியும். "மூணு நாளில் வர்ற நோய், நாலு நாள் தாண்டியாச்சு, இனி பயமில்லை"ன்னு பேச்சு வர்றது இப்படித்தான்.

மூலிகை வைத்தியத்திலும் இதே ஏமாத்தம் ஒண்ணு இருக்கு. நம்ம இயக்கத்துல சிலருக்கு நான் சொல்றது பிடிக்காம போகலாம். பேராசிரியர் புண்ணியமூர்த்தி சொல்லிக் கொடுத்த கோமாரி மருந்தை, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய்னு அரைச்சு நானும் மாட்டுக்குக் கொடுக்கிறேன். வாய்ப்புண் பட்ட மாடு தீவனம் எடுக்க அது உதவுது. ஆனா நல்லா இருக்கிற மாட்டுக்கு ரெண்டு நாள் கொடுத்துட்டு, நாலாம் நாள் நோய் வரலைன்னதும் "மருந்து தடுத்திருச்சு"ன்னு அடுத்த ஊருக்குச் சொல்லி அனுப்புறது சரியில்லை. அடைகாலம் முடியாம எந்த மருந்துக்கும் மார்க் போட முடியாது. தடுப்பூசிக்கும் இதே சட்டம்தான். போட்ட மறுநாளே காப்பு வந்துராது, ரெண்டு வாரம் ஆகும். ஏற்கெனவே அடைகாத்துக்கிட்டு இருக்கிற ஆட்டுக்கு ஊசி போட்டா அது விழத்தான் செய்யும், அதைப் பாத்து ஊசியாலதான் நோய் வந்துச்சுன்னு கிளப்பி விடுவாங்க. இயற்கை விவசாயிக்குத் தடுப்பூசி ஆகாதுன்னு சொல்றதை நான் ஏத்துக்கிறதில்லை. நிலத்தில் விசம் ஊத்துறதும் இதுவும் ஒண்ணு இல்லை.

மத்த நோய்களுக்கும் உலக அமைப்பு வச்சிருக்கிற மேல் எல்லையைச் சொல்லிர்றேன். கோமாரிக்கு 14 நாள். ஆனா கோமாரி மாடு அறிகுறி தெரியுறதுக்கு முன்னாடியே கிருமியை வெளியே விட ஆரம்பிச்சிரும், அதனால பாக்க நல்லா இருக்குங்கிறது அங்க பேச்சே இல்லை. கோழி வெள்ளைக்கழிச்சலுக்கு 21 நாள். வழக்கமா அஞ்சாறு நாளிலேயே கழுத்தை முறுக்கிரும், ஆனாலும் சிறுவிடைக் குஞ்சு வாங்கினா மூணு வாரம் தனிக்கூடுதான். 2019-ல் ஒடிசாவில் முதலில் கண்டு, 2022-ல் ராஜஸ்தான், குஜராத்தில் மாடுகளை வாரிக்கிட்டுப் போன தோல் கழலைக்கு 28 நாள். அதைக் கடிக்கிற ஈயும் கொசுவும் தூக்கிட்டுப் போறதால தனியா கட்டினா மட்டும் பத்தாது, வேப்பிலைப் புகையும் சாணம் தேங்காத கொட்டகையும் சேர்ந்து வேணும். மஞ்சுவிரட்டுக்குப் போய் வர்ற காளைகளுக்கு இந்த நாள் கணக்கு இன்னும் முக்கியம். சிராவயல்ல ஒரே நாள்ல எத்தனை ஊர்க் காளை மூச்சு கலக்குதுன்னு நினைச்சுப் பாருங்க. திரும்பி வந்த காளையை அன்னைக்கு ராத்திரியே பசுக்களோட கட்டுறது நம்ம வழக்கம்.

தனியா கட்டுறதுன்னா பட்டிக்குள்ளயே ஒரு மூலை இல்லை. தனித் தண்ணித்தொட்டி, தனித் தீவனம், கடைசியா அந்த ஆட்டைப் பாத்துட்டுக் கை கால் கழுவிட்டு வீட்டுக்கு வர்றது. 21 நாளில் நடுவில் ஒரு புது ஆட்டைச் சேர்த்தா எண்ணிக்கை மறுபடி ஒண்ணிலிருந்து.

நோய் ஊரை விட்டுப் போயிருச்சுன்னு எப்போ சொல்லலாம்? 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தப்போ, அதோட உச்ச அடைகாலம் 21 நாள்னு வச்சுக்கிட்டு, அதை ரெண்டு மடங்காக்கி, புதுசா யாருக்கும் வராம 42 நாள் கழியட்டும்னு காத்திருந்தாங்க. ஒரு சுற்று கண்ணில் படாம நழுவியிருந்தாலும் ரெண்டாம் சுற்றில் மாட்டிரும்ங்கிறது கணக்கு. எங்க ஊர்லயும் கடைசி ஆடு விழுந்த நாளிலிருந்து 42 நாளைக்குப் புது ஆடு வாங்கலை. சித்திரைத் திருவிழா நடுவுல வந்துச்சு, நேர்த்திக்கடன் ஆடு வாங்கணும்னு ரெண்டு பேருக்கு அம்பலாரோட சண்டை.

இப்போ என் கிடைக் கணக்கு நோட்டுல மூணு கட்டம் கூடுதலாப் போட்டிருக்கேன். புது உருப்படி எங்கிருந்து, என்னைக்கு வந்துச்சு. எதோட என்னையிலிருந்து என்னை வரைக்கும் கலந்துச்சு. முதல் காய்ச்சல் என்னைக்கு. ஆடு விழுந்தா 1962-க்குப் போன் பண்ணிட்டு, மருத்துவர் வர்றதுக்குள்ள அந்த நோட்டை எடுத்து வைங்க. கீதாரி இந்த வருசம் மாசியிலேயே வந்துட்டார். வந்ததும் முதல் வேலையா, எங்க ஊர்ல கடைசியா எப்போ ஆடு விழுந்துச்சுன்னு என்கிட்ட தேதி கேட்டார்.